எட்டு ஓட்டைக் காவி

“ஓட்டை ஒண்ணே ஒண்ணுதான், பாய்.”

“பிரிச்சுக் காட்டும்.”

“பிரிச்சா எட்டு.”

“எட்டா?”

“எட்டா மடிச்சு வச்சிருந்தேன். இஸ்திரிப் பெட்டி மேல இருந்து அடி வரைக்கும் இறங்கிட்டு.”

ஷேக் பரீத் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். நல்ல காவித் துணி. நாலு ஓட்டை மேலே, நாலு ஓட்டை கீழே, நூல் பிடித்து அளந்து வைத்தது போல. அந்த எட்டு ஓட்டைகள் வழியாகவும் தாராவி மழை பெய்துகொண்டிருப்பது தெரிந்தது.

“சுட்டதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு” என்றார் பாய்.

அவர் ரஃபு வேலைக்காரர். கிழிந்த துணியின் ஓரத்திலிருந்தே இழை உருவி, அதே துணியில் கோத்து, கிழிசல் இருந்த இடத்தைத் துணிக்குச் சொந்தக்காரனே தேடும்படி செய்துவிடுவார். தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கடை அவருடையது. மாட்டுங்காவில் இருக்கிற லாண்டரிகளில் சூடுபட்ட துணிகளெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கேதான் வந்து சேரும். துணியோடு ஓர் இஸ்திரிக்காரனும் முகம் வெளுத்து வந்து நிற்பான். இன்று நின்றவன் வெயிலுமுத்து.

வெயிலுமுத்து கணேசபாண்டியனின் லாண்டரியில் ஏழு வருடமாக இஸ்திரி போடுகிறவன். ஏழு வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடச் சுட்டதில்லை. இன்று காலை சுட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. லாண்டரியின் பின்னால் கரி மூட்டை அடுக்கியிருந்த கோலியை அவனுக்குக் குடியிருக்கத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பம்பாயில் கோலி என்றால் ஒரே ஓர் அறை. அந்த ஓர் அறைக்காகத் தவம் கிடக்கிறவர்கள் ஆயிரம் பேர். ஊரிலிருந்து அவன் மனைவி பேராச்சி, பிறந்து நாலு மாதமான மகளைத் தூக்கிக்கொண்டு நாளை மறுநாள் ரயிலில் வந்து இறங்குகிறாள். மகளை அவன் இன்னும் பார்த்ததில்லை. அதனால் காலையில் கோலியின் உத்தரத்தைப் பார்த்து, தொட்டில் கட்டக் கொக்கியை எந்த இடத்தில் அடிக்கலாம் என்று யோசித்தான். இடம் முடிவாவதற்குள் புகை வந்துவிட்டது.

சுட்டது யாரோ ஒரு குமாஸ்தாவின் சட்டையாக இருந்தால் காலில் விழுந்து தப்பிக்கலாம். இது ஊரே யார் காலில் விழுகிறதோ அவருடைய துணி. பூவிளங்காட்டு மடத்துச் சாமி முந்தாநாள்தான் பம்பாய்க்கு வந்திருந்தார். செம்பூரில் பக்தை பார்வதியம்மாள் வீட்டில் தங்கியிருந்தார். அவரிடம் இருப்பதே இரண்டு சோடி. ஒரு சோடி தாதர் ஸ்டேஷன் வரவேற்பில் மழையில் ஊறி, செம்பூர்க் கொடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றதில் ரயில் கரி படிந்ததால் லாண்டரிக்கு வந்தது. அதன் மேல் துணியில்தான் எட்டு ஓட்டை. மாலை ஆறு மணிக்கு மாட்டுங்கா மண்டபத்தில் தரிசனம். கணேசபாண்டியன் வரவேற்புக் கமிட்டியில் ஓர் ஆள். மண்டபத்துக்குத் தோரணம் கட்டப் போகும்போது, அஞ்சு மணிக்குள் துணி செம்பூர் போகாவிட்டால் கோலியும் இல்லை, வேலையும் இல்லை என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

“நாலு மணிக்குத் தாறேன்” என்றார் பாய். கத்தரியை எடுத்துக் கருகிய ஓரங்களை வெட்டத் தொடங்கினார். ரஃபுவுக்குக் கருகலை நீக்கியாக வேண்டும். எட்டையும் வெட்டி முடித்தபோது, எட்டணாக் காசு அளவிருந்த ஓட்டைகள் சின்ன இட்டிலி அளவுக்கு வந்திருந்தன. ஊசியில் இழையைக் கோத்தார்.

“சாமி துணியில ஊசி போடலாமா?”

கேட்டவர் கடை வாசலில் குந்தியிருந்த பெரியவர். கட்டம் போட்ட லுங்கி, அளவுக்கு மீறிய அரைக்கைச் சட்டை, தலையில் ஈரத் துண்டு முண்டாசு. காலை ஏழு மணிக்கே லாண்டரி வாசலுக்கு வந்து, செம்பூரிலிருந்து சாமி துணிக்காக வந்திருப்பதாகச் சொன்னவர். அந்த நேரத்தில்தான் புகை வந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்து நடுங்கிப்போய், கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னான். “ஒரு அவசரமும் இல்ல” என்றார் அவர். பம்பாய்க்கு வந்த ஏழு வருடத்தில் அவனிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள். என்ன வேலை பார்க்கிறீர் என்று கேட்டதற்கு, “ஒரே இடத்துல உக்காந்து, வாரவங்க போறவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கிற வேலை” என்றார். வாட்ச்மேன் என்று வெயிலுமுத்து புரிந்துகொண்டான். ஆளை அங்கேயே விட்டால் திரும்பிப் போய்ச் செம்பூரில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கையோடு கூட்டிவந்துவிட்டான்.

“ஏன் போடக்கூடாது?” என்றான் இப்போது.

“துறவிக துணி தைக்காத துணியா இருக்கணும். ஊசி பட்டா உடுத்த மாட்டாங்க. மடத்துல அது ஒரு வழக்கம்.”

“இதை ஓட்டையை வெட்டுறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்லா?”

“வேலை நடக்கிற அழகைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன், வே.”

பாய் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். பிறகு, தைக்காத துணிக்குத் தங்களிடத்திலும் மரியாதை உண்டு என்று மெதுவாகச் சொன்னார். எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் வெள்ளைத் துணி இரண்டு மடித்து இருந்தன. ஹஜ் பயணத்தில் உடுத்துகிற இஹ்ராம் துணி. மாமா ஜெயினுலாப்தீன் மக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வருடமாகப் பாய் ஹஜ் கப்பலில் இடம் கேட்டு எழுதிப்போடுகிறார். இந்த வருடமும் கிடைக்கவில்லை.

மேலுக்குப் போர்த்துகிற துணியை எடுத்து வெயிலுமுத்துவின் கையில் வைத்தார்.

“ஊசி படாதது. இதுல காவி ஏத்திரும்.”

“பாய், இது நீங்க...”

“இடுப்புக்கு ஒண்ணு இருக்கு. மேலுக்கு அல்லா பாத்துக்கிடுவான். உம்ம மக தொட்டில்ல கிடக்கட்டும், போரும்.”

வெயிலுமுத்து துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பெரியவர்தான் வினோதமாக நடந்துகொண்டார். அவர் எழுந்து நின்று, பாயைப் பார்த்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். கும்பிட்டுப் பழக்கமில்லாத கை போல அது நெஞ்சுக்கு நேரே கொஞ்சம் தடுமாறியது.

காவிக்கல் மாட்டுங்கா நாட்டுமருந்துக் கடையிலிருந்து வந்தது. கொதிக்கவைக்கப் பாயின் மனைவி மர்யம் பிரியாணி தேக்சாவைத் தந்தாள். பெருநாளைக்குள் அது வெள்ளையாகத் திரும்பி வர வேண்டும் என்பது அவள் நிபந்தனை. கல் வாங்கப் போகிற வழியில் வெயிலுமுத்து பெரியவருக்கு ஒரு டீ வாங்கித் தந்தான். சட்டைப் பையில் ஒரு காலணாகூட இல்லாமல் ஒரு வாட்ச்மேன் கிளம்பி வந்திருந்தது அவனுக்கு ஆச்சரியம். டீக்கடைக்காரன், வழியை மறைக்காமல் தள்ளி நில்லும் கிழவரே என்று அவர் தோளைப் பிடித்து நகர்த்தினான். பெரியவர் நகர்ந்தார். நகர்ந்து நின்று, கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கினவர் போலச் சிரித்தார். ஆள் நல்லவர்தான், கொஞ்சம் மறை கழன்றவர் என்று வெயிலுமுத்து முடிவு கட்டினான்.

ஆனால் காவி விஷயத்தில் அவருக்கு இருந்த ஞானம் லேசானதல்ல. கல்லை அப்படியே கரைத்தால் திப்பி திப்பியாக ஒட்டும். அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டித் தெளிந்ததில்தான் துணியை முக்க வேண்டும் என்றார்.

“இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருசமா இதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு கட்டி போடும்.”

“போதாதா?”

“போடும் வே. அழுத்தமா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்.”

போட்டான். துணியைத் தூக்கிப் பார்த்தபோது அது காவியாக இல்லை. தெருமுனையில் நிற்கிற தபால் பெட்டியை உரித்து எடுத்தது போல இருந்தது. இதைப் போர்த்திக்கொண்டு சாமி நின்றால் பக்தர்கள் அவர் வாயில் கடிதம் போட்டுவிடுவார்கள் என்றார் பாய்.

சோப்புப் போட்டு அலசினார்கள். ஒருதரம் அலசினால் செங்கல் நிறம். இரண்டாம் தரம் ஓட்டு நிறம். மூன்றாம் தரம் அலசும்போது மசூதியில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு கேட்டது. அதற்குப் பிறகு ஒரு முக்கு. பழைய துணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. கண் சிமிட்டுகிற நேரம் வெயிலுமுத்து தன்னை உலகத்திலேயே அதிர்ஷ்டசாலி என்று நினைத்தான். பிறகு துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

பம்பாயில் ஜூலை மாதத்தில் நனைந்த துணி ஆகஸ்டில் காயும். லாண்டரியில் கரி அடுப்பு மூட்டிக் காயவைக்கிற அறை உண்டு. ஆனால் அங்கே கூட வேலை பார்க்கிற ஆட்களின் கண்ணில் பட்டால் மண்டபத்துக்குச் செய்தி பறந்துவிடும். பாய் வீட்டு அடுப்பில் காட்டினால் மறுபடியும் ஓட்டை விழும். மணி பன்னிரண்டே முக்கால்.

“ஓடுற ரயில்ல காத்து நல்லா அடிக்கும்” என்றார் பெரியவர். “கதவுப் பக்கமா நின்னு பிடிச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். எதுவரைக்கும் போகும் இந்த வண்டி?”

“தாணே வரைக்கும்.”

“போவோம். நான் தாணே பாத்ததில்ல.”

வேறு வழி எதுவும் வெயிலுமுத்துவுக்குத் தோன்றவில்லை. சயான் ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் எடுக்க நேரமில்லை. தேர்டு கிளாஸ் பெட்டியில் ஏறி, கதவருகே ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். துணி பாய்மரம் போல உப்பியது. குர்லாவுக்கு முன்பே மழை சாய்ந்தடித்து, காய்ந்ததையும் சேர்த்து நனைத்தது.

“உடம்பு சூடுதான் நல்லது” என்றார் பெரியவர். “நீரு வாலிபன். சட்டையைக் கழட்டிட்டு மேலுக்குச் சுத்திக்கிடும்.”

வெயிலுமுத்து சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, வெள்ளை வேட்டிக்கு மேல் காவியைச் சுற்றிக்கொண்டான். மழைக்குத் தலையையும் சேர்த்து மூடினான். சுற்றி முடித்துத் திரும்புவதற்குள் ஏதோ நடந்துவிட்டது. அதுவரை அவன் விலாவில் முழங்கையை ஊன்றியிருந்த ஆள் முழங்கையை எடுத்துக்கொண்டான். சன்னலோரத்தில் இருந்தவர் எழுந்து, இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

ஏழு வருடத்தில் பம்பாய் ரயிலில் அவனுக்கு யாரும் இடம் தந்ததில்லை. உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. எல்லாம் தானாக நடந்தது. ஒரு மராட்டிக் கிழவி அவன் மடியில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். மில் சீருடை போட்ட ஒருவன் குனிந்து காலைத் தொட்டு, தன் தம்பிக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று இந்தியில் கேட்டான். வாயைத் திறந்தால் திருநெல்வேலி வந்துவிடுமே என்று பயந்து வெயிலுமுத்து கையை மட்டும் தூக்கினான். அது போதுமானதாக இருந்தது. மில்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. காவியைப் பார்த்த கண்கள் அப்படியே காலுக்கு இறங்கின.

பெரியவருக்கு நேர்மாறு. சாமி பக்கத்தில் ஈரத்தோடு உரசாதே என்று ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். கூடைக்காரி ஒருத்தி தன் மீன் கூடையைத் தூக்கிவிடச் சொல்லி அவரை அதட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தூக்கிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தில் அந்த டீக்கடைச் சிரிப்பு கூடிக்கொண்டே வந்தது.

தாணேயில் இறங்கினார்கள். துணி முக்கால்வாசி காய்ந்திருந்தது. திரும்புகிற வண்டிக்கு நிற்கும்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். பரிசோதகர் தொப்பியைக் கழற்றி, “நமஸ்தே மகராஜ்” என்று சொல்லிவிட்டு, பெரியவரின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“ஏய் புட்டே, டிகிட் திகாவ்.”

டிக்கெட்டைக் காட்டச் சொல்லி அதட்டியதும் பெரியவர் இரண்டு கையையும் விரித்தார். பரிசோதகர் அவரை இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் கையில் இருக்கிற தன் சட்டை போகிறது, தன் ஆளும் போகிறார், இவர் வாயைத் திறந்தால் எல்லாமும் போகும். வெயிலுமுத்து தனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

“சோடோ. யே மேரா சேலா ஹை.”

விடு, இவன் என் சிஷ்யன் என்று அதற்கு அர்த்தம். பரிசோதகர் கையை எடுத்தார். பெரியவரைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார். பெரியவர் குனிந்து வெயிலுமுத்துவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஆமா. இவுகதான் என் குரு.”

பரிசோதகரும் குனிந்து தொட்டுக்கொண்டு போனார். வெயிலுமுத்துவுக்குக் கால் கூசியது. அப்பன் வயசுள்ளவரைக் காலைத் தொடவைத்த பாவத்தை எங்கே போய்க் கழுவுவது என்று அவன் முணுமுணுத்தபோது, இதையெல்லாம் மனசில் வைக்கக் கூடாது, காலைத் தொடுகிறவன் கால் யாருடையது என்று பார்ப்பதில்லை என்று பெரியவர் தேற்றினார்.

அந்த நேரத்தில்தான், “சுவாமி!” என்று ஒரு குரல் கேட்டது.

மாட்டுங்கா வரவேற்புக் கமிட்டிக் காரியதரிசி பஞ்சு, மாலை நிகழ்ச்சிக்கு நாகஸ்வரக் கோஷ்டியை அழைத்துப் போகத் தாணேக்கு வந்திருந்தார். சாமியின் முகம் அவருக்குத் தெரியாது. தாதர் ஸ்டேஷனில் கொட்டிய மழையில் அவர் பார்த்ததெல்லாம் ஒரு குடையும் அதன் கீழே ஒரு காவி விளிம்பும்தான். அந்த விளிம்பின் நிறத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. நிறம் அப்படியே பொருந்தியிருந்தது அல்லவா.

பிளாட்பாரத்தின் சேற்றிலேயே விழுந்து எழுந்தார்.

“சுவாமிகள் செம்பூரிலே கதவைச் சாத்திண்டு மௌனத்திலே இருக்கிறதா பார்வதியம்மாள் சொன்னாளே?”

“மௌனம்தான்” என்றார் பெரியவர். “அதான் பேசல.”

“தாணேக்கு எப்படி?”

“சனங்களோட சனமா ஒரு நாள் போய்ப் பாக்கணும்னு தோணிருக்கு. சொன்னா விடுவீங்களா? அதான் யாருக்கும் சொல்லாம கிளம்பியாச்சு.”

பஞ்சுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தேர்டு கிளாஸில், டிக்கெட் இல்லாத ஒரு ஏழைச் சிஷ்யனோடு, இந்த மழையில். வெளியே வேன் நிற்கிறது, நேரே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்றார். வெயிலுமுத்து பெரியவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அழுகையைத் தவிர எல்லாம் இருந்தது.

“முதல்ல மாட்டுங்கா லாண்டரிக்குப் போகணும்” என்றார் பெரியவர். “சாமிக்கு அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு.”

வேனின் முன்சீட்டில் வெயிலுமுத்துவை உட்காரவைத்தார்கள். பெரியவர் பின்னால், தவிலை மடியில் வைத்துக்கொண்டு. சன்னல் காற்றில் துணி நன்றாகக் காய்ந்தது. சொல்லப்போனால் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டிய இடம் அது. ஆனால் கிங்ஸ் சர்க்கிள் திரும்பியதும், சாமி வேனில் இருக்கும்போது சும்மா போகக் கூடாதென்று நாகஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

லாண்டரி வாசலில் இறங்கும்போது தெருவே கூடியிருந்தது. மண்டபத்திலிருந்து திரும்பியிருந்த கணேசபாண்டியன் காவியைக் கண்டதும் வெட்டின மரம் போல விழுந்தார். ஏழு வருடமாக நாளுக்குப் பத்துத் தடவை ஏசிய முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காவி முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு நின்ற வெயிலுமுத்துவுக்குக் கீழே முதலாளியின் வழுக்கை தெரிந்தது.

“ஏல வெயிலு” என்று தரையிலிருந்தபடியே முதலாளி உள்ளே பார்த்துக் கத்தினார். “சாமி வந்திருக்காக. எங்கல போய்த் தொலைஞ்ச?”

சாமி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்தான் காப்பாற்றினார். லாண்டரிக்குப் பின்னால் இருக்கிற கோலியில் சாமி கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டுமாம், சிஷ்யன் மட்டும் கூட இருப்பான் என்றார். வழி விலகியது. இருவரும் உள்ளே போய்த் தாழ் போட்டார்கள். மூலையில் யாரோ மூட்டி வைத்த இஸ்திரிப் பெட்டி கனிந்து கிடந்தது. வெயிலுமுத்து காவியைக் கழற்றி, சட்டையை மாட்டிக்கொண்டு, தன் உயிரையே விரித்து வைத்தது போல அந்தத் துணியை விரித்து இஸ்திரி போட்டான். இந்தத் தடவை உத்தரத்தைப் பார்க்கவில்லை. எட்டாக மடித்தான். அடியில், ஓட்டை இல்லாத பழைய இடுப்புத் துணியையும் சேர்த்து வைத்துச் சணல் கயிற்றால் கட்டினான். சுவர்க் கடிகாரம் நாலு அடித்து முப்பது நிமிடம் ஆகியிருந்தது.

கதவுக்கு வெளியே முதலாளியின் குரல் கேட்டது. சாமி உடம்பிலேயே துணியைப் பார்த்துவிட்டதால், பயல் சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். தெருவெல்லாம் கேட்க வெயிலுமுத்துவைப் புகழ்ந்தார். தங்கமான பிள்ளை என்றார். வெயிலுமுத்து கதவில் காதை வைத்துக்கொண்டு சிரித்தான். அடுத்த வார்த்தையில் சிரிப்பு நின்றது.

“ஆனா அந்தக் கோலியை இனி யாருக்கும் குடிக்கு விட மாட்டேன், பஞ்சு சாமி. சாமி கால் பட்ட இடம். நாளைக்கே வெள்ளையடிச்சுப் பூசை ரூம் ஆக்கிருதேன். வெயிலுப் பயலுக்கு வேற எங்கயாவது பாப்போம்.”

வெயிலுமுத்து கரி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். கோலியைக் காப்பாற்ற ஓட்டையை மறைத்து, ஓட்டையை மறைக்கக் காவியேற்றி, காவியைக் காயவைக்கத் தானே சாமியாகி, தன் காலாலேயே தன் கோலியை மிதித்துக் கெடுத்திருந்தான்.

பிறகு, நினைத்துப் பார்க்கப் பார்க்க, கோபப்பட ஆள் யாரும் இல்லை என்று தெரிந்தது. ஒருத்தர் ஹஜ்ஜுக்கு வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தார். ஒருத்தி பெருநாள் தேக்சாவைக் கொடுத்தாள். முன்பின் தெரியாத இந்த மனுஷன் காலையிலிருந்து தனக்காகத் தள்ளுப்பட்டு, காலர் பிடிபட்டு, தவில் சுமந்திருக்கிறார். வேலையாவது மிஞ்சியது. அவன் எழுந்து பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உம்ம பேரைக்கூட நான் கேக்கல. உம்மளைச் சாகிற மட்டும் மறக்க மாட்டேன். பேராச்சி வந்ததும் ஒரு வாய் சாப்பிட வரணும். அவ வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு...”

“கருவாடு வேண்டாம். ரசம் வைக்கச் சொல்லும். கட்டாயம் வாரேன்.”

வெளியே நாகஸ்வரக்காரர் மறுபடியும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சாமி எப்போது வெளியே வருவார் என்று பஞ்சு யாரையோ கேட்டார். அப்போதுதான் வெயிலுமுத்துவுக்கு உறைத்தது. உள்ளே போன சாமி வெளியே வந்தாக வேண்டும். பரபரவென்று பொட்டலத்தைப் பெரியவரின் கையில் திணித்து, பின்பக்கக் கதவைத் திறந்தான். சந்து வழியாகப் போனால் பஸ் கிடைக்கும், அஞ்சு மணிக்குள் செம்பூரில் சாமி கையில் கொடுத்துவிடும், இங்கே கேட்பவர்களுக்குச் சாமி மறைந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நகரவில்லை. காலையிலிருந்து கழற்றாத ஈர முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மழித்த தலையில் நேற்றைய திருநீறு மழைக்கும் தப்பித் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, எட்டு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஊசி படாத அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதைத் திரும்ப வெயிலுமுத்துவின் தோளிலேயே போர்த்தி, சுருக்கம் விழாமல் நீவிவிட்டு, கதவுக்கு வெளியே கேட்காத குரலில் சொன்னார்:

“சாமி கையிலதான் குடுத்தீரு வே, முப்பத்தோரு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தன் என்னைத் தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கான், நாளைக்குக் காலையில நான் இதை உடுத்திக்கிட்டு வந்து உம்ம மொதலாளி கையாலேயே அந்தத் தொட்டில் கொக்கியை அடிக்க வைக்கேன், இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் எனக்காக நீரு அந்த மேடையில உக்காந்துக்கிடுதீரா?”